தாய்ப்பத்திரம் கப்பலோடு போன கதை

1850 நவம்பரில் டெக்சாஸ் கடற்கரையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்த ஆன்சன் என்ற நீராவிக் கப்பல் முழுகிவிட்டது. சரித்திரப் புத்தகங்களில் அதற்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடையாது. ஆனால் அதோடு ஒரு பெட்டியும் போயிற்று. ஜேம்ஸ் மில்லர் என்கிற கமிஷன் அதிகாரியின் பெட்டி. உள்ளே இருந்தவை ரியோ கிராண்டே ஆற்றங்கரைக் குடும்பங்களின் மூலப்பத்திரங்கள். ஸ்பெயின் ராஜா காலத்திலும், அப்புறம் மெக்சிகோ அரசின் காலத்திலும் அவர்களுக்கு நிலம் எழுதிக் கொடுத்த மானியப் பத்திரங்கள். நாடு கைமாறிவிட்டது, உங்கள் நிலம் உங்களுடையதுதானா என்று சரிபார்க்க வேண்டும், கொண்டுவந்து காட்டுங்கள் என்று டெக்சாஸ் அரசு அனுப்பிய கமிஷன் ஊர் ஊராக வாங்கிச் சேர்த்தவை. அதற்கென்று வசூலித்த கட்டணப் பணமும் அதே பெட்டியில்தான் இருந்தது.

நான் தேவகோட்டையில் பத்திர ரைட்டர். இப்போது பையன் பார்த்துக்கொள்கிறான், நான் சும்மா போய் உட்கார்ந்து குறை சொல்வதோடு சரி. ஆயுள் முழுக்க ஆட்களிடம் நான் சொன்ன புத்திமதி ஒன்றுதான்: ஒரிஜினலை எவன் கேட்டாலும் கொடுக்காதே, ஜெராக்ஸ் கொடு. வில்லங்கச் சான்று எடுக்க வருபவர்களுக்கும் சொல்வேன், பாகப்பிரிவினைக்கு வரும் அண்ணன் தம்பிகளுக்கும் சொல்வேன். அப்படிப்பட்டவன் ஆன்சன் கப்பலைப் பற்றிப் படித்தால் எப்படி இருக்கும்? யாரோ முகம் தெரியாத ஆள் என்னுடைய பீரோவைத் தூக்கி ஊருணியில் போட்டதுபோல இருந்தது.

ஆனால் விஷயம் நான் நினைத்த பக்கம் போகவில்லை. பத்திரம் கடலில் போனவர்களை டெக்சாஸ் அரசு மறுபடி சாட்சி கொண்டுவரச் சொன்னது. அக்கம்பக்கத்தார் வாக்குமூலம், மிஞ்சியிருந்த நகல், பழைய வரி ரசீது, இப்படி எதையாவது வைத்துப் பலருடைய பாத்தியதையை 1852-இல் சட்டசபை ஒப்புக்கொண்டது. அதே காலத்தில் மேற்கே கலிபோர்னியாவில் பத்திரம் பத்திரமாகக் கையில் இருந்தவர்கள்தான் நிலத்தை இழந்துகொண்டிருந்தார்கள். இது எப்படி என்று புரிந்துகொள்ளத்தான் சான் அன்டோனியோவில் மகள் வீட்டில் இருந்த நாள்களில் நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன்.

பேத்தி பிறந்த சமயம் அது. வீட்டுக்காரிக்கு வேலை சரியாக இருந்தது, எனக்கு ஒன்றும் இல்லை. ஊர் நடுவில் நூலகம் செக்கச் செவேல் என்று நிற்கிறது. மெக்சிகோ நாட்டுக் கட்டடக் கலைஞர் ரிகார்டோ லெகொரெட்டா வரைந்து கொடுத்து 1995-இல் திறந்தது. நம் செட்டிநாட்டு வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவர்கள் பார்த்தால் ஒத்துக்கொள்வார்கள், அவ்வளவு துணிச்சலான சிவப்பு. சட்ட இங்கிலீஷ்தான் இத்தனை வருடம் எனக்குச் சோறு போட்டது, அதனால் படிப்பதில் சிரமம் இல்லை. புரியாததைக் கேட்டுக்கொள்ளப் பக்கத்து வீட்டுப் பெரியவர் இருந்தார். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் ரியோ கிராண்டே பக்கம் சபாட்டா. பழைய சபாட்டா ஊர் இப்போது ஃபால்கன் அணைத் தண்ணீருக்குள் இருக்கிறது, 1953-இல் முழுகியது. "நாங்கள் எல்லையைத் தாண்டி வரவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டிப் போனது" என்று முதல் நாளே சொன்னார். அங்கே இது எல்லாரும் சொல்கிற வாக்கியம் என்று பிற்பாடு தெரிந்தது.

எல்லை தாண்டியது 1848 பிப்ரவரி 2. மெக்சிகோ நகரத்துக்குப் பக்கத்தில் குவாதலூப்பே இதால்கோ என்ற ஊரில் இரண்டு நாடுகளும் கையெழுத்துப் போட்டன. போரில் தோற்ற மெக்சிகோவுக்கு 1.5 கோடி டாலர். அதற்குப் பதில் இன்றைய கலிபோர்னியா, நெவாடா, யூட்டா, நியூ மெக்சிகோவிலும் அரிசோனாவிலும் பெரும்பகுதி, இன்னும் கொஞ்சம். டெக்சாஸ் ஏற்கெனவே போயிருந்தது, அதற்கு ரியோ கிராண்டேதான் எல்லை என்று இதில் உறுதியானது. அந்த மண்ணில் இருந்த மெக்சிகோக்காரர்கள் 80 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சம் பேர் வரை. ஒரு வருடத்துக்குள் மெக்சிகோ குடியுரிமையே வேண்டும் என்று சொல்லாதவர்கள் எல்லாரும் அமெரிக்கக் குடிமக்கள். சொத்து அவர்களுடையதாகவே இருக்கும் என்று 8-ஆம் பிரிவு சொல்கிறது. மானிய நிலங்களைத் தனியாகக் காப்பாற்றிய 10-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அமெரிக்க செனட் அதை அடித்துவிட்டு ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. எழுதிக் கையெழுத்தான பத்திரத்தில் ஒரு பாராவை ஒரு தரப்பு அடிக்கிறது என்றால், அந்தப் பத்திரம் எந்தத் திசையில் போகப்போகிறது என்று எங்கள் ஆபீஸ் வாசலில் டீ விற்கிற பையனே சொல்லிவிடுவான்.

பெரியவர் வீட்டில் ஒரு பழைய வரைபடத்தின் நகலைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். ஆற்றங்கரையில் வரிசையாக நீள நீளமான துண்டுகள். 1767-இல் ஸ்பெயின் அதிகாரிகள் பிரித்துக் கொடுத்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆற்றை ஒட்டிக் குறுகலான முகப்பு, அங்கிருந்து உள்ளே பல மைல் நீளம். ஏன் அப்படி என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வறண்ட சீமையில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தண்ணீர் எல்லாருக்கும் எட்ட வேண்டும். கண்மாய்த் தண்ணீருக்கு மடைமுறை வைத்துப் பாய்ச்சிய ஊர்க்காரனுக்கு இது பார்த்த உடனே விளங்கும். சான் அன்டோனியோவிலேயே எஸ்படா என்ற பழைய மாதா கோயில் பக்கம், 1740-களில் கட்டிய கல் பாலத்தின் மேல் இன்றும் வாய்க்கால் ஓடுகிறது. மகள் கூட்டிப் போனாள். நியூ மெக்சிகோ ஊர்களில் இப்படிப்பட்ட வாய்க்கால்களை இப்போதும் பங்குதாரர்களே கூடி வருடா வருடம் தூர்வாருகிறார்கள். நம்மிடம் குடிமராமத்து என்று இருந்ததே, அதுதான். அவர்கள் விடவில்லை, நாம் விட்டுவிட்டு அரசாங்கத் திட்டமாகத் திரும்ப வாங்கிக்கொண்டோம்.

கலிபோர்னியாவுக்கு வருகிறேன். அங்கே மெக்சிகோ அரசு கொடுத்த மானியத்துக்கு ஒரு கைப்படம் இணைத்திருப்பார்கள். மலை, ஓடை, நாலு மரம், மாட்டுத்தடம் எல்லாம் கையால் வரைந்தது. அளந்த விதம்: குதிரையில் இரண்டு பேர், கையில் கயிறு, ஒருவர் நிற்க ஒருவர் ஓட்டுவார். எல்லைக்கு அடையாளம் ஒரு பாறை, ஒரு கருவாலி மரம், சில இடத்தில் மாட்டு மண்டையோடு. சிரிக்காதீர்கள். நம் பழைய பத்திரங்களில் செக்குபந்தி எப்படி எழுதியிருக்கிறது? வடக்கே ஊருணிக்கரைப் பாதைக்குத் தெற்கு, கிழக்கே இரட்டைப் பனைக்கு மேற்கு. பனை விழுந்தது எந்தக் காலமோ. ஆனால் அதைச் சுற்றி இருந்த எல்லாருக்கும் அது எங்கே நின்றது என்று தெரியும், அந்த மட்டில் அது செல்லும்.

1851-இல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. நிலம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இரண்டு வருடத்துக்குள் கமிஷன் முன்னால் வந்து தன்னுடையது என்று தானே நிரூபிக்க வேண்டும். வராதவன் நிலம் அரசாங்கத்துக்கு. கமிஷன் பெரும்பாலும் உட்கார்ந்தது சான் பிரான்சிஸ்கோவில். 813 மனுக்கள் வந்தன, 604 ஏற்கப்பட்டன. இதை மட்டும் படித்தால் நியாயமாக நடந்ததுபோலத்தான் தெரியும். ஆனால் கமிஷனில் ஜெயித்தால் அரசு அப்பீல் போகும், அப்பீலில் ஜெயித்தால் அளவையில் தகராறு வரும். கடைசியாகப் பட்டா கைக்கு வரச் சராசரியாக 17 வருடம் ஆயிற்று. அதுவரை வக்கீல் பீஸ், சர்வே செலவு, வரி. மாடும் நிலமும் இருந்தன, ரொக்கம் இல்லை. அதனால் கடன்.

வட்டிதான் முக்கியம். மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று, சில சமயம் ஐந்து. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் ஹூலியோ வெர்டூகோ என்பவர் 1861-இல் சான் ரஃபேல் பண்ணையை அடமானம் வைத்து 3,445 டாலர் வாங்கினார். அது 58,750 டாலராக வளர்ந்து நிலம் ஏலத்துக்குப் போயிற்று. இவ்வளவு எப்படி என்று நூலக மேசையிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று வட்டி, மாதாமாதம் முதலோடு சேர்த்து, எட்டு வருடம். நூறு டாலர் முன்னேபின்னே அதே தொகைதான் வருகிறது. கணக்கில் ஒரு தப்பும் இல்லை, கணக்கெழுதியவனைக் குறை சொல்ல முடியாது.

நியூ மெக்சிகோவில் நடந்தது வேறு மாதிரி. அங்கே ஊருக்கென்று கொடுத்த மானியத்தில் வீட்டு மனையும் கொஞ்சம் வயலும்தான் ஆளாளுக்கு. மீதி மேய்ச்சலுக்கும் விறகுக்கும் பொது. 1897-இல் உச்ச நீதிமன்றம், அந்தப் பொது நிலம் ஊருடையது அல்ல, பழைய அரசுடையது, இப்போது அமெரிக்க அரசுடையது என்று சொல்லிவிட்டது. சான் மிகெல் தெல் பாதோ என்ற ஊர் மானியம் 3,15,000 ஏக்கர் கேட்டு ஏறக்குறைய 5,000 ஏக்கரோடு நின்றது. மேய்க்கால் நிலம் ஒரே நாளில் சர்க்கார் புறம்போக்கு ஆகிற வித்தையை நாமும் பார்த்திருக்கிறோம். இன்னொரு வழி, பிரிபடாத பாகம். பத்துப் பங்காளிகளில் ஒருவரிடம் வெளியாள் அவருடைய பாகத்தை வாங்கிவிட்டுப் பாகப்பிரிவினை வழக்குப் போடுவான், பிரிக்க முடியாது என்று கோர்ட்டு மொத்தத்தையும் ஏலம் விடும். வக்கீல்கள் பீஸாக நிலத்தையே வாங்கிக்கொண்டார்கள். சாண்டா ஃபேயில் தாமஸ் கேட்ரன் என்ற வக்கீல் அப்படியே வாங்கி வாங்கி அந்த நாட்டின் மிகப் பெரிய நிலச்சுவான்தார்களில் ஒருவர் ஆனார். இதைப் படிக்கும் பங்காளிகள் யாராவது கூட்டுப் பட்டாவை அப்படியே போட்டு வைத்திருந்தால், தயவுசெய்து உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

சில வருடம் முன்னால் கண்டனூர் ஆச்சி ஒருவர் டிரங்குப் பெட்டியோடு ஆபீசுக்கு வந்தார். உள்ளே பர்மாப் பத்திரங்கள். இங்கிலீஷிலும் பர்மிய எழுத்திலும் குவின் என்கிற சர்வே வட்டத்தின் எண், ஏக்கர், வரைபடம், தீர்வை ரசீது, எல்லாம் வரிசை மாறாமல். அப்படி ஒரு சுத்தமான பத்திரத்தை நான் எழுதியதே இல்லை.

"தம்பி, பர்மாவுல கவர்மெண்டு மாறுது மாறுதுங்கிறாங்களே, இதை வச்சு ஏதாச்சும் கேக்க முடியுமா?"

"வில்லங்கமே இல்லை ஆச்சி. நிலம்தான் இல்லை."

"சரி, எங்க ஐயா கையெழுத்து இருக்கு. திரும்பப் பூட்டிடுறேன்" என்று கொண்டுபோய்விட்டார்.

என் தாத்தா அப்படியொரு வட்டிக்கடைக் கிட்டங்கியில் கணக்கெழுத பர்மா போனவர்தான். அதனால் அந்த நிலம் எப்படி வந்தது என்பதும் வீட்டில் கேட்ட கதை. கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழிலுக்கு, போனவர்கள் நிலம் வாங்கப் போகவில்லை. ரங்கூன் மொகல் தெருவில் நடப்பு வட்டி பேசி, டெல்டாவில் நெல் பயிரிடுபவனுக்குக் கடன் கொடுத்தார்கள். 1930-இல் நெல் விலை தரைக்கு வந்தது, கடன் திரும்பவில்லை, அடமானம் கிரயமாயிற்று. 1930-இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்தது நூற்றுக்கு 6 பங்கு நிலம், 1937-இல் 25 பங்கு. எங்களுக்கு நிலம் வேண்டாம், பணம்தான் வேண்டும் என்று அவர்கள் சொன்னது பொய் இல்லை. அதை நான் நம்புகிறேன். ஆனால் வயலை இழந்த பர்மியனுக்கு அது என்ன ஆறுதல்? அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் வெர்டூகோவுக்குக் கடன் கொடுத்த ஆளுக்கும் நம் ஆட்களுக்கும் வட்டி விகிதம்தான் வித்தியாசம். இதை எழுதினால் இங்கே சிலர் என்னோடு பேச மாட்டார்கள் என்று தெரியும். பேசாமல் இருக்கட்டும்.

1948-இல் பர்மா சுதந்திரம் அடைந்ததும் நிலத்தைத் தேசியமயமாக்கும் சட்டம் வந்தது. பத்திரத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ரங்கூனில் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் மாறினார்கள். கலிபோர்னியாவில் நூறு வருடம் முன்னால் நடந்ததும் அதுதான். கைப்படம் அதேதான், அதை வாங்கிப் பார்க்க உட்கார்ந்தவர்கள் வேறு ஆட்கள், வேறு மொழி. அதனால் அதற்குப் பிந்திய மெக்சிகன் அமெரிக்கர்களின் கதையை நான் நிலத்தின் கதையாகப் படிக்காமல் நாற்காலியின் கதையாகவே படித்தேன்.

சான் அன்டோனியோவையே எடுத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸ் சுதந்திரப் போரில் வெள்ளையரோடு சேர்ந்து சண்டை போட்ட ஹுவான் செகின் அந்த ஊர் மேயராக இருந்தார். 1842-இல் சந்தேகமும் மிரட்டலும் தாங்காமல் பதவியை விட்டு மெக்சிகோவுக்கு ஓடினார். அதன்பின் மெக்சிகோ வம்சாவளியில் ஒருவர் அந்த நாற்காலிக்கு வந்தது 1981-இல், ஹென்றி சிஸ்னேரோஸ். நடுவில் 139 வருடம். ஊரில் பாதிக்கு மேல் அவர்கள்தான் என்ற நிலை வந்த பிறகும் நாற்காலி காலியாகவில்லை.

எப்படித் தடுத்தார்கள்? முக்கியமாகத் தலைவரி. 1902 முதல் டெக்சாஸில் ஓட்டுப் போட வேண்டுமானால் வருடத்துக்கு 1.50 டாலர் கட்ட வேண்டும், சில கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) 1.75. சான் அன்டோனியோ மேற்குப் பக்கத்தில் பெக்கான் கொட்டை உடைத்த பெண்கள் 1930-களில் வாரத்துக்கு இரண்டு மூன்று டாலர்தான் கூலி வாங்கினார்கள். அந்தக் கூலியையும் குறைத்ததால் 1938 ஜனவரி கடைசியில் சுமார் 12 ஆயிரம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னால் நின்றவர் எம்மா தெனயூகா, வயது 21. அரை வாரக் கூலியைக் கட்டி ஓட்டுப் போடு என்றால் யார் போடுவார்கள்? அந்த வரி முற்றிலும் ஒழிந்தது 1966-இல்.

ஒரே ஒரு நாற்காலி இருந்தாலும் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1918 ஜனவரி 28 அன்று போர்வெனிர் என்ற சின்ன ஊரில் டெக்சாஸ் ரேஞ்சர் போலீசும் பண்ணைக்காரர்களும் 15 ஆண்களையும் பையன்களையும் இழுத்துப்போய்ச் சுட்டுக் கொன்றார்கள். சட்டசபையில் அப்போது மெக்சிகோ வம்சாவளி உறுப்பினர் ஒருவர்தான், பிரவுன்ஸ்வில் ஹோசே கனாலெஸ். 1919-இல் அவர் ரேஞ்சர்கள் மேல் குற்றச்சாட்டுகளை எழுதிக் கொடுத்து விசாரணை நடக்க வைத்தார். தண்டனை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் படையைச் சுருக்கினார்கள், சாட்சியம் எல்லாம் பதிவில் ஏறிற்று. பதிவில் ஏறுவது சின்ன விஷயம் இல்லை, எங்கள் தொழிலே அதுதான்.

1930-களின் பஞ்ச காலத்தில் லட்சக்கணக்கானவர்களை ரயிலேற்றி மெக்சிகோவுக்கு அனுப்பினார்கள். அதில் பெரும் பங்கு அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள், குழந்தைகள். கலிபோர்னியா மன்னிப்புக் கேட்டுச் சட்டம் போட்டது 2005-இல். காரைக்குடி பர்மா காலனியில் வளர்ந்த யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், வேறு விளக்கம் தேவைப்படாது.

பள்ளிக்கூட வழக்குகளை வேகமாகக் கடக்கிறேன், அது தனிக் கதை. கலிபோர்னியாவில் ஐந்து குடும்பங்கள் தொடுத்த மெண்டஸ் வழக்கில் 1947-இல் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளைப் பிரித்துத் தனிப் பள்ளியில் போடுவதற்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. மெண்டஸ் குடும்பம் அப்போது குத்தகைக்கு எடுத்திருந்த நிலம், இரண்டாம் உலகப் போர் சமயத்தில் முகாமில் அடைக்கப்பட்ட ஒரு ஜப்பானிய அமெரிக்கக் குடும்பத்தினுடையது. குத்தகைப் பத்திரத்தைப் பார்க்க எனக்கு ஆசை.

எனக்குப் பிடித்தது ஜூரி வழக்குதான். ஜூரி என்றால் வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று சொல்ல உட்காரும் பொதுஜனங்கள். டெக்சாஸில் ஜாக்சன் கவுண்டி, எட்னா என்ற ஊர். 1951-இல் பீட் ஹெர்னாண்டஸ் என்ற கூலித் தொழிலாளி ஒருவரைச் சுட்டுக் கொன்றதாக வழக்கு. செத்தவரும் மெக்சிகோ வம்சாவளி. வக்கீல்கள் கஸ் கார்சியாவும் கார்லோஸ் கடேனாவும் கொலையைப் பற்றிப் பெரிதாக வாதாடவில்லை. அந்தக் கவுண்டியில் 25 வருடமாக ஜூரியில் உட்கார்ந்தவர்கள் சுமார் 6,000 பேர், அதில் ஒரு மெக்சிகன் அமெரிக்கர்கூட இல்லையே, எப்படி என்று கேட்டார்கள். அரசு சொன்ன பதிலை இரண்டு தடவை படித்தேன். மெக்சிகோக்காரர்களும் சட்டப்படி வெள்ளையர்தான், ஜூரியில் இருந்தவர்களும் வெள்ளையர்தான், ஆகவே பாகுபாடு இல்லை! கெட்டிக்கார வாதம்தான். ஆனால் அந்தக் கோர்ட்டுக் கட்டடத்திலேயே ஆண்கள் கழிப்பறை இரண்டு இருந்தது. ஒன்றில் பலகை இல்லை. இன்னொன்றில் கறுப்பர்களுக்கு என்று இங்கிலீஷில் எழுதி, அதன் கீழே ஆண்கள் இங்கே என்று ஸ்பானிஷில் எழுதியிருந்தது. அந்தப் பலகையே சாட்சி. 1954 மே 3 அன்று உச்ச நீதிமன்றம் ஹெர்னாண்டஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கறுப்பர்களின் பள்ளிக்கூடத் தீர்ப்பு என்று உலகம் பேசும் பிரவுன் வழக்கு அதற்கு இரண்டு வாரம் கழித்து வந்ததால் இது பத்திரிகையில் அமுங்கிவிட்டது. ஹெர்னாண்டஸை மறுபடி விசாரித்தார்கள், இந்தத் தடவை ஜூரியில் மெக்சிகன் அமெரிக்கர்களும் இருந்தார்கள். அவர்களும் குற்றவாளி என்றுதான் சொன்னார்கள்.

சின்ன ஊர்களில் நாற்காலியைப் பிடித்த கதைகளில் கிரிஸ்டல் சிட்டிக்கு மேல் எதுவும் இல்லை. பசலைக்கீரை விளையும் ஊர், நடுவில் கார்ட்டூன் பாப்பாய்க்கு 1937-இல் வைத்த சிலை நிற்கிறது. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் மெக்சிகோ வம்சாவளி, நகரசபை மட்டும் வெள்ளையரிடம். 1963-இல் ஆளாளுக்குத் தலைவரி கட்டவைத்து ஐந்து பேரை நிறுத்தி ஐந்து இடத்தையும் ஜெயித்தார்கள். இரண்டு வருடத்தில் கைவிட்டுப் போயிற்று. மறுபடி தீ பிடித்தது எதனால் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் ஆட்டக்காரர்களுக்கு உற்சாகக் குரல் கொடுக்கும் பெண்கள் நான்கு பேரில் மூன்று பேர் வெள்ளைக்காரப் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு வழக்கம். 1969 டிசம்பரில் பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். ஜனவரியில் பள்ளி நிர்வாகம் இறங்கி வந்தது, அதே மாதம் ஹோசே ஆங்கெல் குட்டியேரெஸ் என்ற உள்ளூர்ப் பையன் முன்னின்று லா ராசா உனிடா என்று கட்சியே ஆரம்பித்துவிட்டார்கள். ஏப்ரல் தேர்தலில் பள்ளி நிர்வாகம் அவர்கள் கைக்கு வந்தது. கட்சி பத்து வருடம்கூட நிலைக்கவில்லை, உள்சண்டை. அதுவும் நமக்குத் தெரியாத விஷயமா?

பெரியவர் நேரில் பார்த்ததாகச் சொன்னது சில்லறைக் காசுப் போராட்டம். சான் அன்டோனியோ மேற்குப் பக்கத்தில் மழை பெய்தால் வீட்டுக்குள் வெள்ளம். வடிகாலுக்குப் பணம் ஒதுக்கி வருடக்கணக்கில் கட்டாமல் விட்டிருந்தார்கள். 1974-இல் மாதா கோயில்களின் பங்குச் சபைகளைச் சேர்த்து காப்ஸ் என்று ஒரு அமைப்பு உண்டாயிற்று, உருவாக்கியவர் எர்னஸ்டோ கோர்டெஸ். அடுத்த வருடம் பெண்கள் கூட்டமாக ஃப்ராஸ்ட் வங்கிக்குப் போய் வரிசையில் நின்று நோட்டைக் கொடுத்துச் சில்லறை வாங்கினார்கள், திரும்ப வரிசையில் நின்று சில்லறையைக் கொடுத்து நோட்டு வாங்கினார்கள். ஜாஸ்கே துணிக்கடையில் இன்னொரு கூட்டம் விலையுயர்ந்த துணிகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தது, வாங்கவில்லை. சட்டப்படி ஒன்றும் செய்ய முடியாது, வியாபாரம் நின்றது, பெரிய மனிதர்கள் பேச வந்தார்கள். 1977-இல் நகரசபைக்கு வார்டு வாரியாகத் தேர்தல் வந்தது. ஊரின் பணக்காரப் பகுதியிலிருந்தே எல்லா உறுப்பினர்களும் வருவது அதோடு நின்றது. பெரியவரின் அம்மா அந்த வங்கி வரிசையில் நின்றவராம். வாங்கிய ஒரு சென்ட் காசுகளை எண்ணிச் சரிபார்த்துத்தான் திருப்பிக் கொடுத்தாராம்.

நாங்கள் இருந்த சமயத்தில்தான் மகளுக்கு ஜூரிக்கு வரச்சொல்லித் தபால் வந்தது. அவள் குடியுரிமை வாங்கிவிட்டாள், மருமகனுக்கு இன்னும் ஆகவில்லை. "கைக்குழந்தை இருக்குப்பா, ஏதாவது காரணம் எழுதிப் போடலாம்" என்றாள். பெரியவர் வேலி ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சாதாரணமாகக் குரல் உயர்த்தாத மனிதர். குழந்தையை உன் அம்மா பார்த்துக்கொள்வாள், நீ போ என்றார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை, எட்னா வழக்கைப் பற்றி அவளுக்கு நான்தான் சொன்னேன். போனாள். மத்தியானம்வரை உட்காரவைத்துவிட்டு, தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் பெரியவர் என்னிடம் கேட்டார், உங்கள் நாட்டில் ஜூரிக்கு எத்தனை பேர் என்று. எங்களிடம் ஜூரி கிடையாது, 1973-இல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு மிச்சம் மீதி இருந்ததும் போய்விட்டது, நீதிபதி ஒருவர்தான் என்றேன். அவரால் நம்ப முடியவில்லை.

"அப்படியானால் கோர்ட்டில் உங்கள் ஜனங்களுக்கு என்ன வேலை?"

"வாய்தா வாங்குவதுதான்" என்றேன்.